ஹெச்எஸ்சி-ல டெக்ஸ்டைல்ஸ் அண்ட் டிசைன் எடுக்கப்போற பிள்ளைங்களுக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்கும்

சிட்னில இயர் 10 படிக்கிற பிள்ளை, ஹெச்எஸ்சி-க்கு (நம்ம ஊர் ப்ளஸ் டூ மாதிரி) சப்ஜெக்ட் செலக்ஷன் ஃபார்மோட வந்து "நான் டெக்ஸ்டைல்ஸ் அண்ட் டிசைன் எடுக்கப்போறேன்"னு சொன்னா நம்ம வீடுகள்ல உடனே வர்ற கேள்வி ரெண்டு. ஒண்ணு "அதுக்கு ஸ்கேலிங் எப்படி", அதாவது யூனி ரேங்க் கணக்குல அந்த மார்க் ஏறுமா இறங்குமா, இன்னொண்ணு "தையல் படிச்சு என்ன பண்ணப்போற". ரெண்டுக்கும் பதில் சொல்றேன், ஆனா இந்தப் பாடம் என்னன்னே தெரியாம அந்தப் பேச்சைப் பேசினா சண்டைலதான் முடியும், அதனால பாடத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஊர்ல டெக்ஸ்டைல் படிச்சுட்டு இங்க வந்தவ நான், டூங்காபி வென்ட்வொர்த்வில் பக்கத்துப் பிள்ளைங்க நிறைய பேர் ப்ராஜெக்ட் பண்றப்ப கூட உக்காந்து பார்த்திருக்கேன், அதை வெச்சு எழுதறேன்.

இது தையல் கிளாஸ் இல்ல

மெஷின்ல உக்காந்து தைக்கிறது இந்தப் பாடத்துல ஒரு பங்குதான். இயர் 11-ல டிசைன் 40 சதவீதம், துணியோட தன்மையும் செயல்பாடும் 50 சதவீதம், ஆஸ்திரேலிய துணி ஆடை இண்டஸ்ட்ரி 10 சதவீதம், இப்படித்தான் பிரிச்சிருக்காங்க. பாருங்க, பாதிப் பாடம் துணியோட சயின்ஸ்! நார் எதுல இருந்து வருது, அதை எப்படி நூலாக்கறாங்க, நூலை நெய்யறாங்களா பின்னறாங்களா, கடைசில என்ன ஃபினிஷ் குடுக்கறாங்க, இந்த நாலும் சேர்ந்துதான் ஒரு துணி ஏன் சுருங்குது, ஏன் பந்து பந்தா பிசிறு வருது, ஏன் உடம்புல ஒட்டுதுங்கிறதைத் தீர்மானிக்குது. இயர் 12-ல டிசைன் 20, துணித் தன்மை 20, இண்டஸ்ட்ரி 10, மிச்ச 50 முழுக்க மேஜர் டெக்ஸ்டைல்ஸ் ப்ராஜெக்ட், பிள்ளைங்க எம்டிபி-ம்பாங்க.

மார்க்கும் அப்படித்தான். ஹெச்எஸ்சி மார்க்குல பாதி ஸ்கூல் அசெஸ்மென்ட், பாதி வெளி மார்க், அந்த வெளி மார்க் 100-ல எம்டிபி-க்கு 50, ஒன்றரை மணி நேர எழுத்துப் பரீட்சைக்கு 50. அதாவது அக்டோபர்ல எக்ஸாம் ஹால்ல போய் உக்கார்றதுக்கு முன்னாடியே வெளி மார்க்குல பாதி முடிஞ்சிருக்கும். எக்ஸாம்னா பதறிப்போற பிள்ளைங்களுக்கு இது பெரிய வரம், எல்லாத்தையும் கடைசி வாரத்துல பண்ற பழக்கம் உள்ள பிள்ளைங்களுக்கு இதே விஷயம்தான் கஷ்டம், எம்டிபி கடைசி வாரத்துல முடியற வேலையே இல்ல.

முன்னாடி டெக்ஸ்டைல்ஸ் படிச்சிருக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. இயர் 9, 10-ல எலெக்டிவா எடுத்த பிள்ளைக்கு மெஷின் பழகியிருக்கும், எடுக்காத பிள்ளை இயர் 11 மொத டெர்ம்லயே அதைப் பிடிச்சுடலாம்.

ஸ்கேலிங் பேச்சு

ஒளிக்காம சொல்றேன், எக்ஸ்டென்ஷன் மேத்ஸ், ஃபிசிக்ஸ் மாதிரி ஏறாது. ஆனா இது 2 யூனிட் பாடம், ஏடார் (யூனில சேர்றதுக்கான ரேங்க்) கணக்குக்குச் சேரும், இதுல பேண்ட் 6, அதாவது உச்ச கிரேடு, வாங்கற பிள்ளைக்கு, விருப்பமே இல்லாம கெமிஸ்ட்ரி எடுத்து பேண்ட் 3-ல நிக்கறதைவிட இது நிச்சயமா மேல். டாக்டர் ஆகணும், ஏடார் 99 வேணும்னு பிள்ளையே நினைச்சா அது வேற கணக்கு, அந்தப் பிள்ளை இந்தப் பக்கம் வரமாட்டா. டிசைன், ஆர்க்கிடெக்சர், ப்ராடக்ட் டெவலப்மென்ட், மெட்டீரியல்ஸ்னு யோசிக்கிற பிள்ளையைத்தான் நான் மனசுல வெச்சு எழுதறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விஷுவல் ஆர்ட்ஸ், டிசைன் அண்ட் டெக்னாலஜி, இந்த மாதிரி மேஜர் வொர்க் இருக்கற இன்னொரு பாடத்தையும் சேர்த்து எடுக்கறதுன்னா நல்லா யோசிச்சு எடுங்க, எல்லாம் இயர் 12-ல ஒரே நேரத்துல வந்து கழுத்தைப் பிடிக்கும், ஒரு பாடத்துக்குப் பண்ணின வேலையை, அதுல ஒரு பகுதியைக்கூட, இன்னொரு பாடத்துக்குக் குடுக்க முடியாது, ரூல் அது.

இயர் 11-ல என்ன பழகணும்

இயர் 11-ல ரெண்டு சின்ன ப்ராஜெக்ட் வரும், ஒண்ணு டிசைன் பக்கம், ஒண்ணு துணித் தன்மை பக்கம். ரெண்டாவதை நிறைய பேர் "சும்மா ரிப்போர்ட்"னு விட்டுடறாங்க. எம்டிபி-க்கு நிஜமான அஸ்திவாரம் அதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன், ஏன்னா துணியை டெஸ்ட் பண்ணத் தெரிஞ்ச பிள்ளை அடுத்த வருஷம் தப்பான துணி வாங்கி அழாது.

வீட்லயே செய்யற மாதிரி டெஸ்ட் சொல்றேன். சுருக்கம் பாக்கணும்னா துணில 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுரம் ஒண்ணு அழியாத பேனால போட்டு, நீளவாக்குல இருக்கற பாவு எது, குறுக்க ஓடற ஊடை எதுன்னு அம்புக்குறி போட்டு வெச்சுட்டு, எப்படித் துவைப்பீங்களோ அப்படித் துவைச்சுக் காயப்போட்டு மறுபடி அளங்க, 19 ஆயிருந்தா 5 சதவீதம் சுருங்கியிருக்குன்னு அர்த்தம், பாவுப் பக்கம் ஒரு அளவும் ஊடைப் பக்கம் ஒரு அளவும் வரும், அதைத் தனித்தனியா எழுதணும். சாயம் போகுதான்னு பாக்க ஒரு துண்டு வெள்ளைக் காட்டனை அந்தத் துணியோட வெச்சுத் தைச்சு ஒண்ணா துவைங்க, வெள்ளைல என்ன ஏறுதுன்னு தெரிஞ்சுடும். தேய்மானத்துக்கு சாண்ட்பேப்பர், ஒரே அழுத்தத்துல எத்தனை தேய்ப்புல துணி நைஞ்சுபோகுதுன்னு எண்ணணும். எரிச்சுப் பாக்கற டெஸ்ட் மட்டும் ஸ்கூல்ல டீச்சர் முன்னாடிதான். காட்டன் பேப்பர் எரியற வாசனையோட மெத்துன்னு சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி பொசுங்கற வாசனை வந்து விரல்ல நசுக்கினா பொடியாகும், பாலியஸ்டர் உருகி கெட்டியா மணி மாதிரி நிக்கும், நசுங்காது. கடைல "சில்க்"னு எழுதி ஒட்டின துணி உண்மைல என்னன்னு ஒரு நூலைப் பிரிச்சு எரிச்சாலே பாதி தெரிஞ்சுடும்.

மெஷின்ல பழக வேண்டியது: ஜிப் வெக்கிறது, ஃப்யூசிங் (விறைப்புக்கு அயர்ன் பண்ணி ஒட்டற உள்துணி) ஒட்டறது, லைனிங் போடறது, ஓவர்லாக் (ஓரம் பிரியாம அடிக்கிற தையல்), பேட்டர்ன்ல நேர்நூல் கோட்டை துணியோட கரைக்கு இணையா வெக்கிறது. துணிக்குத் தக்க ஊசி மாத்தறது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனா ஷிஃபான்ல 90 நம்பர் ஊசி போட்டா ஓட்டை ஓட்டையா தெரியும், அதுக்கு 60 இல்ல 70. பின்னல் துணிக்கு முனை உருண்டையா இருக்கற பால்பாயின்ட் ஊசி. இதையெல்லாம் சின்னத் துண்டுல தைச்சுப் பார்த்து, அந்தத் துண்டுகளை தூக்கிப் போடாம ஒரு ஃபோல்டர்ல ஒட்டி, எந்த ஊசி, எந்த நூல், தையல் நீளம் எவ்வளவுன்னு பக்கத்துலயே எழுதி வெச்சுக்கோங்க.

எம்டிபி: எதைச் செய்யறதுன்னு முடிவு பண்றது

அஞ்சு பிரிவு இருக்கு. உடுத்தற ஆடை, வீட்டு அலங்காரத் துணி, மேடை காஸ்ட்யூம், டெக்ஸ்டைல் ஆர்ட்ஸ், பை மாதிரி உடுத்தாத பொருள்கள். நம்ம பிள்ளைங்க பத்துல எட்டு பேர் கண்ணை மூடிட்டு ஃபார்மல் கவுனுக்குப் போவாங்க. போகலாம், தப்பில்ல, ஆனா பரதநாட்டியம் பத்து வருஷம் ஆடின பொண்ணு காஸ்ட்யூம் பிரிவைப் பத்தி யோசிச்சாவது பாக்கணும், அரமண்டில உக்கார்றப்ப விசிறி எப்படி விரியணும், வியர்வைல எந்தத் துணி தாங்கும், இடுப்புல எங்க இறுக்கணும் எங்க விடணும்னு அவளுக்கு உடம்பாலயே தெரியும், அந்த அறிவு கூடப் படிக்கிற யாருக்கும் கிடைக்காது.

ஐடியா எங்க இருந்து வருதுன்னு போர்ட்ஃபோலியோல சொல்லணும், அது ஒரு காலகட்டத்தோட, ஒரு பண்பாட்டோட, இல்ல இன்னைக்கு நடக்கற ஏதோ ஒண்ணோட தொடர்புல இருக்கணும். இங்கதான் நம்ம பிள்ளைங்க ஒரு சுலபமான குழில விழறாங்க, "என் பண்பாடு இந்தியப் பண்பாடு, அதனால பட்டுப் புடவைல கவுன் தைச்சேன்"னு ஒரு வரி எழுதிட்டு நிறுத்திடறாங்க. அது மார்க் போடறவங்களுக்கு எதையும் சொல்லல. காஞ்சிபுரம் பட்டுல கோர்வைன்னு ஒரு முறை இருக்கு, பார்டர் ஒரு கலர், உடல் ஒரு கலர், ரெண்டுக்கும் தனித்தனி ஊடை நூல் ஓடி சேர்ற எடத்துல ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும், கைத்தறில அதுக்கு ரெண்டு பேர் உக்காரணும். அந்தக் கோர்வையை எடுத்து, ரெண்டு கலர் பேனலை வெறும் நேர்த் தையலா சேக்காம பல்லுப் பல்லா கோத்துச் சேத்து ஒரு ஜாக்கெட் பண்ணா, அது இன்ஸ்பிரேஷன். மதுரை சுங்குடியோட முடிச்சுப் புள்ளியை எடுத்து நூல்ல நீங்களே கட்டி சாயம் போட்டு, அந்தப் புள்ளி தோள்ல நெருக்கமா ஆரம்பிச்சு கீழ போகப் போக விலகற மாதிரி வெச்சா அதுவும்தான். பண்பாட்டுல இருந்து ஒரு செய்முறையை எடுங்க, அதை நீங்க என்ன மாத்தினீங்கன்னு காட்டுங்க.

இதை எப்படிப் பண்ணலாம்னு பாக்க அகிரா இசோகாவாவோட வேலையைப் பாருங்க. கியோட்டோல பிறந்து 1986-ல சிட்னி வந்தவர், பழைய கிமோனோத் துணியை எடுத்து முழுக்க வேற உருவத்துக்குக் கொண்டுவந்தார். ஜென்னி கீ 1973-ல சிட்னி ஸ்ட்ராண்ட் ஆர்கேட்ல ஃப்ளமிங்கோ பார்க்னு கடை தொறந்து கோவாலாவையும் வாரட்டா பூவையும் பின்னல் ஸ்வெட்டர்ல கொண்டுவந்தவங்க. இந்தப் பேருங்க எழுத்துப் பரீட்சைல சமகால டிசைனர் கேள்விக்கும் உதவும்.

பாட்டியோட பட்டுப் புடவையை வெட்டறதுக்கு முன்னாடி

இதை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க, இதுல திரும்ப வழியில்லாத வேலை இருக்கு.

மொதல்ல புடவையை முழுசா விரிச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிங்க. பல வருஷம் ஒரே மடிப்புல பீரோல இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டுல நைஞ்சிருக்கும், வெளிச்சத்துல கோடு கோடா மெலிசாத் தெரியும். அப்புறம் ரெண்டு கையாலயும் ஒரு அங்குலம் விட்டுப் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க, பாவுப் பக்கம் ஒரு தடவை, ஊடைப் பக்கம் ஒரு தடவை. நர்னு லேசா சத்தம் வந்தா அந்த எடம் தையலைத் தாங்காது, உடம்போட ஒட்டி இழுபடற ப்ளவுஸ், இடுப்பு மாதிரி பகுதிக்கு அதைப் போடாதீங்க. ஜரிகை இருக்கற எடத்துல உடலைவிட பார்டர் கனமா இருக்கும், ரெண்டையும் சேத்து ஒரே பீஸா வெட்டினா தொங்கறப்ப ஒரு பக்கம் இழுத்துக்கும், அதுக்கு மெல்லிசா காட்டன் பேக்கிங் குடுக்கணும். அயர்ன் பாக்ஸை ஜரிகை மேல நேரா வெக்காதீங்க, மேல ஒரு துணி போட்டு, குறைஞ்ச சூடு. வெட்டின ஓரம் கண் முன்னாடியே பிரியும், அதனால வெட்டின உடனே ஓவர்லாக் போடணும், இல்ல தையலுக்கு விடற அளவைக் கூட்டிக்கணும்.

இவ்வளவும் பாத்த அப்புறமும் மொத வெட்டு அந்தப் புடவைல வேண்டாம். காலிகோன்னு மலிவான காட்டன் துணி ஸ்பாட்லைட் கடைல கிடைக்கும், அதுல ட்வால் தைங்க, அதாவது மாதிரி ஆடை. போட்டுப் பாத்து, குத்தி, வெட்டி, பேனால கோடு போட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் ஃபோட்டோ எடுத்து வைங்க. கேப்ரமட்டா பக்கம் துணிக் கடைகள்ல விலை குறைவா நல்ல பட்டுத் துணி, பாலியஸ்டர் சாட்டின் எல்லாம் கிடைக்கும், அதுல சாம்பிள் வாங்கிப் பழகுங்க. விலை ஜாஸ்தியான துணிக்குன்னு தனி மார்க் கிடையாது. பொருத்தமான துணிக்குத்தான் மார்க்.

எப்ப எதை முடிக்கணும்

இயர் 12 பாடம் அக்டோபர்லயே, டெர்ம் 4-ல ஆரம்பிச்சுடும். கிறிஸ்மஸ் லீவுக்குள்ள பிரிவும் ஐடியாவும் ஸ்கெட்சும் முடிவாகியிருக்கணும். லீவுல ட்வால், துணி டெஸ்ட். டெர்ம் 1-ல நிஜத் துணி வாங்கி எல்லாத்துக்கும் முன்னாடி துவைச்சு சுருக்கி வெச்சு வெட்டறது. டெர்ம் 2 முழுக்க தையல், டெர்ம் 2 லீவுல கை வேலை, ஆரி, மணி, ஓரம் அடிக்கிறது. சப்மிஷன் டெர்ம் 3-ல, தேதி அந்த வருஷ நெசா (ஹெச்எஸ்சி நடத்தற அரசு அமைப்பு) டைம்டேபிள்ல இருக்கும், அதைப் பார்த்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. மற்ற பாடங்களோட ட்ரையல் எக்ஸாமும் அதே சீசன்ல வந்து நிக்கும், அதனாலதான் இவ்வளவு முன்னாடியே சொல்றேன்.

போர்ட்ஃபோலியோ

ஏ3 தாள்ல, பக்க வரம்போட. நாலு பகுதி: இன்ஸ்பிரேஷன், டிசைன் எப்படி வளர்ந்ததுன்னு ஸ்கெட்ச், உற்பத்தி விவரம், சோதனையும் மதிப்பீடும். ஐட்டத்தை மட்டும் வெச்சு மார்க் போடறது இல்ல. உங்க பிள்ளை யாருன்னே தெரியாத, மார்க் போடறவங்க, பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல ஆளில்லாம, இந்தத் தாள்களையும் ஐட்டத்தையும் மட்டும் வெச்சுத்தான் பாப்பாங்க.

எழுதறதுல எங்க மார்க் போகுதுன்னு ஒரு உதாரணம். "எனக்கு நீலம் பிடிக்கும், சாட்டின் பளபளன்னு இருக்கும், அதனால எடுத்தேன்" இது ஒரு பிள்ளை எழுதறது. இன்னொரு பிள்ளை, "சாட்டின் நெசவுல நூல் மேல நீளமா மிதக்கறதால வெளிச்சம் பட்டு மின்னுது, ஆனா அதே காரணத்தால எதுலயாவது மாட்டினா நூல் இழுபடும், கை உரசற பக்கவாட்டுல அதைத் தவிர்த்து ட்வில் (சாய்கோடா வர்ற நெசவு) போட்டேன், சாண்ட்பேப்பர் டெஸ்ட் துண்டு கீழ இருக்கு"ன்னு எழுதுது. இப்படிப் பக்கம் முழுக்க வரணும், ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம், முடிஞ்ச எடத்துல ஒரு துண்டு ஆதாரம். பரிசோதனை தோத்துப்போன துண்டையும் ஒட்டுங்க, ரெண்டு விதமா ஃப்யூசிங் ஒட்டிப் பாத்து ஒண்ணு கொப்பளம் விட்டுச்சுன்னா அதை ஒட்டி, இதனாலதான் அடுத்ததை எடுத்தேன்னு எழுதினா அது பலம்தான்.

உற்பத்தி விவரத்துல முன்பக்கம் பின்பக்கம் வரைபடம், அளவு, துணி சாம்பிள், என்னென்ன எவ்வளவு வாங்கினோம், செலவு, எந்த வரிசைல தைச்சோம்னு வரணும். படத்தைப் பாத்து வேற ஒருத்தர் அதே ஆடையைத் தைக்கிற அளவுக்குத் தெளிவா இருக்கணும்.

அம்மா தைச்சுக் குடுக்கலாமா

கூடாது. நம்ம அம்மாக்கள், பெரியம்மாக்கள் நல்லா தைப்பாங்க, ராத்திரி பிள்ளை முழிக்கிறதைப் பாத்தா மனசு கேக்காது, ஆனா இது பிள்ளையோட சொந்த வேலைன்னு பிள்ளையும் கையெழுத்துப் போடணும், டீச்சரும் வளர்ச்சியைப் பாத்துட்டுத்தான் சர்டிஃபை பண்ணுவாங்க. வெளில யார்கிட்டயாவது பிரிண்டிங், எம்ப்ராய்டரி குடுத்தா அதை மறைக்காம எழுதணும், அந்தப் பகுதிக்கு பிள்ளையோட திறமைன்னு மார்க் வராது. அம்மா செய்யற மாதிரி வேலை நிறைய இருக்கு: எப்படித் தைக்கிறதுன்னு வேற துணில காட்டறது, ட்வாலைப் போட்டுக்கிட்டு நிக்கற பொம்மையா இருக்கறது, துணிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறது, மத்த வேலைல இருந்து பிள்ளையை விடுவிக்கிறது. முக்கியமா, வாரா வாரம் ஸ்கூலுக்கு வேலையை எடுத்துட்டுப் போய் டீச்சர்கிட்ட காட்டச் சொல்லுங்க. வீட்லயே வெச்சு தைச்சு கடைசில கொண்டுபோய் நிறுத்தினா சர்டிஃபை பண்றதுலயே சிக்கல் வரும்.

எழுத்துப் பரீட்சை

எம்டிபி முடிஞ்ச களைப்புல நிறைய பேர் இதைக் கோட்டை விடறாங்க. 10 மார்க் மல்டிபிள் சாய்ஸ், அப்புறம் சின்ன கேள்விகள், கடைசில 15 மார்க் பெரிய பதில். உதாரணம் இல்லாத பதில் இங்க நிக்காது, அதனால ஒவ்வொரு தலைப்புக்கும் ரெண்டு மூணு நிஜ உதாரணம் கைவசம் வைங்க. புது டெக்னாலஜிக்கு எலாஸ்டேன்ங்கிற இழுபடற நார், கம்பளில நிரந்தர மடிப்பு வெக்க சிஎஸ்ஐஆர்ஓ (ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி நிறுவனம்) 1957-ல கொண்டுவந்த சிரோசெட் முறை. சுற்றுச்சூழலுக்கு, ஆஸ்திரேலியால விருப்பப்பட்டுச் சேர்ந்த கம்பெனிகள் ஒவ்வொரு புது ஆடைக்கும் 4 சென்ட் கட்டற சீம்லெஸ் திட்டம். உற்பத்தி வெளிநாடு போனதோட விளைவுக்கு 2013-ல பங்களாதேஷ்ல, டாக்கா பக்கத்துல, ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா ப்ளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தது. சாயக் கழிவைப் பத்திக் கேட்டா நம்ம திருப்பூரையே எழுதலாம், நொய்யல் ஆத்துல சாயத் தண்ணி கலந்ததும், 2011-ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதுக்கப்புறம் கழிவுத் தண்ணியை வெளில விடவே கூடாதுங்கிற முறை நிஜமா நடைமுறைக்கு வந்ததும். அப்பாவோட ஊர் அந்தப் பக்கம்னா அவர்கிட்டயே கேளுங்க, புத்தகத்துல இல்லாத விவரம் கிடைக்கும்.

அப்புறம்

ரொம்ப நல்லா வந்த எம்டிபி-க்கள்ல சிலதைத் தேர்ந்தெடுத்து ஷேப் (SHAPE)னு கண்காட்சி வெக்கிறாங்க, முன்னாடி அதுக்கு டெக்ஸ்ஸ்டைல் (Texstyle)னு பேர், இயர் 11-லயே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க, ஆடையை மட்டும் பாக்காம பக்கத்துல வெச்சிருக்கற போர்ட்ஃபோலியோ பக்கங்களை நின்னு படிங்க. மேல படிக்க யுடிஎஸ்-ல ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல்ஸ் டிகிரி இருக்கு, அல்டிமோ டேஃப்ல ஃபேஷன் டிசைன் ஸ்டுடியோ இருக்கு, மெல்பர்ன் போக ரெடின்னா ஆர்எம்ஐடி. ஃபேஷன் டிசைனர்ங்கிற ஒரே வேலையை மட்டும் நினைக்க வேண்டாம், பேட்டர்ன் மேக்கர், துணி வாங்கற பையர், தரம் பாக்கறவங்க, ஸ்போர்ட்ஸ் ஆடைக்குத் துணி உருவாக்கறவங்க, மியூசியத்துல பழைய துணிகளைப் பாதுகாக்கறவங்கன்னு நிறைய வழி போகுது.

டிசைன் கோர்ஸ்ல பல எடங்கள்ல போர்ட்ஃபோலியோ கேப்பாங்க, இன்டர்வியூவும் இருக்கும். அதனால எம்டிபி-யை ஒப்படைக்கிறதுக்கு முந்தின நாள் நல்ல பகல் வெளிச்சத்துல முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கத் தையல், கை வேலை நெருக்கமா, போட்டுட்டு நடக்கற மாதிரி ஒண்ணுன்னு எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்துடுங்க, ஏ3 பக்கங்களையும் ஒண்ணு விடாம ஸ்கேன் பண்ணி வைங்க. வேலை மார்க்கிங்குக்குப் போயிட்டா திரும்பி வர்றவரைக்கும் கைல இருக்காது, அந்த இடைவெளிலதான் யூனி அப்ளிகேஷன் தேதி வரும்.